பட்டன் டப்பாவில் போட்ட மாத்திரைகள்

எங்கள் தையல் கடை கட்டிங் மாஸ்டருக்கு ஒரே ஒரு வியாதி. எதைப் பார்த்தாலும் வெட்டி அடுக்கியாக வேண்டும். பழைய காலண்டர் தாளைக்கூட ஒரே அளவாக நறுக்கி, கிளிப் போட்டு வைப்பார். அவர் வெட்டுவதை எதிர் மெஷினில் உட்கார்ந்து தைப்பது அவர் மனைவி. இருபத்தாறு வருடமாக அதே மேசை, அதே மெஷின், அதே சண்டை.

தோள்பட்டை ஆபரேஷனுக்குப் பிறகு மாஸ்டருக்கு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக்கடை அம்மா படித்துப் படித்துச் சொன்னார்: “இது சாதாரண மாத்திரை இல்ல சார். உங்களுக்கு மட்டும்தான். தனியா பூட்டி வைங்க.”

மாஸ்டர் பலமாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்தார். அட்டையைச் சதுரம் சதுரமாக நறுக்கி, ஏற்கனவே நறுக்கி வைத்திருந்த காய்ச்சல் மாத்திரைகளோடு பட்டன் டப்பாவில் போட்டார். எல்லாமே வெள்ளை, எல்லாமே ஒரே அளவு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் மனைவிக்குக் காய்ச்சல். டப்பாவிலிருந்து காலையில் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டார். தணியவில்லை என்று பதினொரு மணிக்கு இன்னும் இரண்டு. மதியம் மாஸ்டர் சாப்பிட வந்தபோது மனைவி நாற்காலியில் சாய்ந்திருந்தார். உலுக்கியும் கண் திறக்கவில்லை. ஒரு மூச்சு வரும். அடுத்தது வர வெகுநேரம் ஆகும். உதடு நீலம் பாரித்திருந்தது.

அவசரப் பிரிவில் ஆக்சிஜன் வைத்துவிட்டு டாக்டர் கேட்டார்: “என்ன மாத்திரை போட்டாங்க?”

மாஸ்டர் டப்பாவை நீட்டினார். ஒவ்வொரு துண்டின் முதுகிலும் இரண்டரை எழுத்து.

“பேர் எங்கங்க?”

“வெட்டிட்டேன் டாக்டர்.” அப்படியே செத்துப்போகலாம் போலிருந்தது என்று பிறகு எங்களிடம் சொன்னார்.

ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை துணிக்கட்டோடு கழுத்தில் தொங்கியது. மறு கையால் துண்டுகளை மேசையில் கொட்டினார். தான் வெட்டிய விளிம்பு தனக்குத் தெரியாதா? சற்றுக் கோணலாய்ப் போனது, நுனி பிசிறியது என்று பார்த்துப் பார்த்து ஒன்றோடொன்று பொருத்தினார். பாதி அட்டை சேர்வதற்குள் பெயர் முழுதாக வந்துவிட்டது.

“நினைச்சேன். இந்த வலி மாத்திரை ஒண்ணுலயே ரெண்டு மருந்து சேர்ந்திருக்கு,” என்றார் டாக்டர். “ஒண்ணு மூச்சை அமுக்கும். இன்னொண்ணு காய்ச்சல் மருந்தேதான், அளவு மீறினா ஈரலைக் கெடுத்துடும்.” மூச்சுக்கு ஊசி போட்டார்கள். ஈரலுக்காக ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் மனைவி கண் திறந்தார். மாஸ்டர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, வார்டில் எல்லோரும் பார்க்க அழுதார்.

“இத்தனை வருஷமா நீங்க வெட்டினதை நான்தான் சேர்த்தேன்,” என்றார் மனைவி, குழறலாக. “இன்னிக்கு ஒரு நாள் நீங்க சேர்த்திருக்கீங்க. போதும், கண்ணைத் துடைங்க.”

மீதி மாத்திரைகளை மாஸ்டர் மருந்துக்கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போதும் கடையில் மெஷின் சத்தம் சற்று நின்றால் போதும், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எதிரே பார்க்கிறார். மனைவியின் தோள் மூச்சில் ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் மறுபடி வெட்டுகிறார்.