ஊறாத கைப்பிடிகள்

செகி ஊரில் கத்திக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு வீட்டில் தகடு வெட்டுவார்கள், அடுத்த வீட்டில் சாணை பிடிப்பார்கள், அதற்கடுத்த வீட்டில் பெட்டியில் போட்டு ஒட்டுவார்கள். தொமோயேயின் வேலை மடக்குக் கத்திக்குக் கைப்பிடி. மரமும் இல்லை, மான்கொம்பும் இல்லை, பிளாஸ்டிக். கண்ணாடி இழை கலந்த நைலானை உருக்கி அச்சில் பாய்ச்சினால் கறுப்பாக, சொரசொரப்பாக வந்து விழும். கத்தி மொத்தமும் சேர்ந்து ஒரு முட்டை எடைதான். சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் இருப்பதே தெரியாது. வாங்குகிறவனுக்கு லேசு. செய்கிறவளுக்கு? அதை ஏன் கேட்கிறீர்கள்.

அச்சிலிருந்து வந்த கைப்பிடி பார்க்க அம்சமாக இருக்கும், ஆனால் உள்ளே காய்ந்து கிடக்கும். அப்படியே ஆணி அடித்தால் விரிசல் விடும். அதனால் பிசிறு சீவி, வெந்நீர்த் தொட்டியில் ஊறப்போட வேண்டும். தண்ணீர் குடித்த பிறகுதான் நைலானுக்கு வளைந்துகொடுக்கிற புத்தி வரும். எடுத்துத் துடைத்துவிட்டால் ஊறியது எது, ஊறாதது எது என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதற்காக, ஊறிய பிடிகள் உள்ள தட்டின் காதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவது அவள் வேலை செய்யும் ஒகுமுரா பட்டறையின் வழக்கம். துணி இருந்தால் ஆணி அடிக்கிற ஹமாகோ ஒரு கேள்வி கேட்காமல் தட்டை எடுத்துக்கொள்வாள். துணி கட்டுவது தொமோயே. அவள் தலை நரைத்ததே அந்தத் தொட்டியின் ஆவியில்தான் என்று ஹமாகோ கேலி செய்வாள்.

கணவர் கென்ஸோ சாணைக்காரர். அலகு தீட்டுவதில் கெட்டிக்காரர், வாயும் அதே கூர்மை. கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பெண்டாட்டியின் வேலை ஒரு வேடிக்கை. "நான் கத்தி செய்யறேன், இவ அதுக்கு சோப்பு டப்பா செய்யறா" என்று சாராயக் கடையில் சொல்லிச் சிரிப்பார். தொமோயேயும் விடமாட்டாள். "உங்க கத்திய வெறுங்கையால பிடிச்சுப் பாருங்க, அப்பத் தெரியும் சோப்பு டப்பா அருமை" என்பாள். அப்படியே ஓடியது வாழ்க்கை. பெரிய சண்டையும் இல்லை, பெரிய கொஞ்சலும் இல்லை.

போன வருஷம் இலையுதிர் காலத்தில் கென்ஸோ சாணைக்கல் முன்னாலேயே சாய்ந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது, கை திரும்பவில்லை. அன்றிலிருந்து தொமோயே முழுசாக ஓர் இரவு தூங்கியதில்லை. ஒருதரம் தண்ணீர், ஒருதரம் மூத்திரம், ஒருதரம் ஒன்றுமே இல்லை, சும்மா கூப்பிடுவார். பகலில் இவள் வேலைக்குப் போகும்போது நகராட்சி அனுப்புகிற உதவிக்காரப் பெண் வந்து பார்த்துக்கொள்வாள். பட்டறையில் நின்றபடி வேலை செய்வதுதான் தொமோயேக்கு ஓய்வு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள பராமரிப்பு இல்லத்தில் பெயர் எழுதிவைத்திருந்தாள். கென்ஸோவுக்குத் தெரியும். "அங்க போனவன் பெட்டியிலதான் திரும்புவான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஜனவரி மாதம், எலும்பு காய்கிற குளிரில், இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஒரு கட்டில் காலியாம். நாளை சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

மறுநாள் காலை, மிசோ சூப்பைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, அந்த இல்லத்துல இருந்து..."

"உப்பு ஜாஸ்தி."

"நான் சொல்றத கொஞ்சம் கேளுங்களேன்."

"உப்பு ஜாஸ்தின்னு சொல்றேன், காதுல விழல?"

விழுந்தது. நன்றாகவே விழுந்தது. கிண்ணத்தை எடுத்துப் போய்க் கழுவிவைத்துவிட்டு, உதவிக்காரப் பெண் வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் மனதுக்குள் ஒரே கணக்கு. சரி என்று சொன்னால் அவரைத் தள்ளிவிட்ட பாவம். முடியாது என்று சொன்னால் இன்னும் எத்தனை வருஷம் இப்படி? பட்டறை வாசலில் சைக்கிளை நிறுத்தியதுகூட அவளுக்கு ஞாபகமில்லை.

மதியத்துக்குச் சற்று முன்பு, ஆணி அடிக்கிற மூலையிலிருந்து சடக்கென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

"அக்கா!" ஹமாகோ கத்தினாள். "இங்க வாங்க. என்ன அக்கா இது, அப்பளம் மாதிரி உடையுது?"

தொமோயே போய்ப் பார்த்தாள். ஆணி இறங்கிய இடத்தில் கைப்பிடி இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிளந்த வாய் சுத்தமாக, காய்ந்து, மினுங்கியது. தட்டின் காதில் சிவப்புத் துணி. அவள் கட்டிய முடிச்சுதான், வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். அடுப்பே பற்றவைக்கவில்லை. தண்ணீரின் மேல் தூசி படிந்து அசையாமல் இருந்தது.

காலையில் வந்ததும் பிசிறு சீவியிருக்கிறாள், துடைத்திருக்கிறாள், துணியும் கட்டியிருக்கிறாள். நடுவில் ஊறப்போடுவதை மட்டும் விட்டுவிட்டிருக்கிறாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது, ஆள் அங்கே இல்லை.

"உடைஞ்சது போகட்டும்" என்றாள் ஹமாகோ, குரலைத் தாழ்த்தி. "உடையாம உள்ள போனதுதான் பயமா இருக்கு. காலைல இருந்து அடிச்சது எல்லாம் பெட்டிக்குப் போயிடுச்சே."

அதுதான் விஷயம். மெல்லிய விரிசல் உள்ளுக்குள் இருந்துகொண்டு, எங்கேயோ யாரோ ஒருவன் கயிறு அறுக்கும்போது பிடி கழன்று அலகு விரலில் மடங்கினால்?

அன்றைக்குச் செய்த கத்திகள் அத்தனையையும் பெட்டி பிரித்து ஒதுக்கினார்கள். சின்ன ஒகுமுரா அலுவலக அறையிலிருந்து இறங்கி வந்தார். பெரிய முதலாளியின் மகன், இவள் கண்முன்னால் வளர்ந்தவர். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. ஒரு கைப்பிடியை எடுத்து, விரல் நகத்தால் விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"அக்கா, சாப்பிட்டீங்களா?"

"இல்ல, முதலாளி."

"வீட்டுக்குப் போங்க. கொஞ்ச நாள் வராதீங்க. எப்ப நல்லா தூங்கி எழுந்திரிக்கிறீங்களோ, அப்ப வாங்க. உங்க இடம் இருக்கும்."

"என் தப்புதான். நானே நின்னு எல்லாத்தையும் திரும்பச் செஞ்சு குடுத்துடறேன்."

"தெரியும். ஆனா இன்னைக்கு உங்க கைய நம்பி என்னால ஒரு தட்டும் குடுக்க முடியாது. மன்னிச்சுக்குங்க."

அவர் தலை குனிந்துவிட்டு மேலே போனார். தொமோயே வேலை மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஹமாகோ தன் சோற்று உருண்டைகளில் ஒன்றை அவள் பையில் திணித்தாள்.

நட்டநடுப் பகலில் வீட்டுக்குள் நுழைந்தவளைக் கண்டு உதவிக்காரப் பெண் திகைத்தாள். அவளை அனுப்பிவிட்டு, தொமோயே கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலோரம் உட்கார்ந்தாள். மண்ணெண்ணெய் அடுப்பு மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

"ஏன் இப்பவே வந்த?" என்றார் கென்ஸோ.

"ஊறப்போடாம துணி கட்டிட்டேன்."

பொய் சொல்லியிருக்கலாம். தலைவலி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய்யை இட்டுக்கட்டவும் தெம்பு வேண்டுமே.

கென்ஸோ அவளைப் பார்த்தார். சோப்பு டப்பா என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் சாணையில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவர். ஊறாத பிடியில் துணி கட்டுவது என்றால் என்னவென்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"எத்தன போச்சு?"

"இன்னைக்கு அடிச்சது அத்தனையும்."

"யாருக்காவது போய்ச் சேந்துச்சா?"

"இல்ல. பெட்டியிலயே பிடிச்சுட்டோம்."

"ம்." இடது கையால் போர்வையை இழுத்து மார்பில் போட்டுக்கொண்டார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். தூங்கிவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

"அவங்களுக்கு எப்பச் சொல்லணும்?"

"யாருக்கு?"

"அந்த இல்லத்துக்காரங்களுக்கு. காலைல சொல்ல வந்தியே."

"இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள."

"வர்றேன்னு சொல்லிடு."

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒன்றை நீட்டினால் அப்படியே வாங்கிக்கொள்கிற வழக்கமில்லை. ஒரு முள்ளங்கி ஊறுகாய்த் துண்டைக் கொடுத்தாலும், "அய்யோ, வேண்டாங்க, எதுக்கு" என்று இரண்டு மூன்று தரம் மறுத்த பிறகுதான் கை நீட்டுவோம். பிறந்ததிலிருந்து பழகிய மரியாதை. யோசித்துச் செய்கிற காரியமே அல்ல, வாய் தானாகச் சொல்லும்.

"சரிங்க" என்றாள் தொமோயே.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஒரே ஒரு தடவை, பேச்சுக்காவது, "என்ன பேச்சு இது, நீங்க எங்கயும் போக வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார் போலும். ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. கொஞ்சம் ஆச்சரியம், அவ்வளவுதான். இனி அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்து, கழுவித் துடைத்து, மரியாதையாக வைக்க வழியில்லை.

எழுந்துபோய்த் தொலைபேசியைச் சுழற்றினாள். மறுமுனையில் ஒரு பெண் மிகவும் கனிவாகப் பேசினாள். வருகிற சனிக்கிழமை அழைத்து வரலாம் என்றாள். உள்ளாடைகளில் பெயர் எழுதிக் கொண்டுவரச் சொன்னாள்.

"சனிக்கிழமையாம்" என்று தொமோயே திரும்பி வந்து சொன்னாள்.

"ம்" என்றார் கென்ஸோ. "கோட்டக் கழட்டு. போய்ப் படு."

கோட்டைக் கழற்றவில்லை. அவர் கட்டிலுக்குக் கீழே தரையிலேயே சரிந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. பகல் வெளிச்சத்தில், வாய் திறந்தபடி, குறட்டை விட்டுக்கொண்டு, மறுநாள் காலை வரை தூங்கினாள். இடையில் அவருக்குத் தாகம் எடுத்திருக்கும், அவசரமும் வந்திருக்கும். படுக்கை நனைந்திருந்தது. அவர் ஒரு தடவைகூட அவளைக் கூப்பிடவில்லை.