சிட்டு குட்டி போட்ட பகல்

சந்தைக்குப் போய்வந்த என் கணவர் கூடையை இறக்காமலேயே சொன்னார்: "நம்ம மாட்டாஸ்பத்திரி டாக்டரு போயிட்டாராம்." ஓசூர்ப் பக்கம் மாற்றலாகிப் போன இடத்தில் விஷக்காய்ச்சல். பாப்பாரப்பட்டியில் டாக்டர் சென்னப்பனை அறியாத வீடு இல்லை. உங்களில் பலருக்கு அவர் எருதையோ பசுவையோ பிழைக்க வைத்தவர். எனக்கு அவர், ஒரு பகல் முழுவதும் என்னோடு சேர்ந்து பயந்தவர்.

சில வருஷங்களுக்கு முன், யுத்தம் தொடங்கிய சமயம். நான் முதல் பிள்ளையைச் சுமந்திருந்தேன். எங்கள் சிட்டுவும் சினையாக இருந்தது. அது மடியில் அடங்கும் சிறு நாய். அதனோடு சேர்ந்ததோ மரக் கான்ட்ராக்டரின் வேட்டைநாய், கன்றுக்குட்டி உயரம். முந்தைய ஆண்டுதான் என் அக்காள் பிள்ளைப்பேற்றில் இறந்திருந்தாள். குழந்தை பெரிது, இடுப்பு சிறிது என்றார்கள். எனக்கும் அவளுடைய உடல்வாகுதான். சிட்டுவின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

சிட்டுவைக் கொண்டுபோய்க் காட்டியபோது டாக்டர் அதன் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தார். "நாலஞ்சு குட்டின்னா பயமில்லம்மா. எடம் பத்தாம சிறுசாவே வளரும். இங்க ரெண்டுதான் தட்டுப்படுது. அப்பன் ஒடம்பு வந்துச்சுன்னா கஷ்டம். சோத்தை அள்ளிப் போட்டுக் கொழுக்க வெக்காதீங்க. குட்டி வராம பச்சையாத் தண்ணி வந்தா ஒடனே ஆள் அனுப்புங்க."

ஒருநாள் காலையில் அந்தப் பச்சைத் தண்ணீர் வந்தது. சிட்டு முக்கி முக்கிச் சோர்ந்தது. என் கணவர் ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தார்.

"நீங்க உள்ள போயிடுங்கம்மா. இந்த நேரத்துல இதைப் பாக்க வேணாம்."

"போகமாட்டேனுங்க. அது பொழைக்குமாங்க?"

"தெரியலைம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்குது."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். "அது முக்கறப்ப மட்டுந்தான் இழுக்கணும். நாம அவசரப்பட்டா உள்ள கிழிஞ்சிடும்" என்றார். முகத்தில் வேர்வை வழிந்தது. முதல் குட்டி செத்தே வந்தது. அதன் தலை சிட்டுவின் தலையில் பாதி இருந்தது. அதன்பிறகு ஒன்றுமில்லை. வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. சிட்டு கண்ணை மூடிவிட்டது. என் வயிற்றிலும் அசைவே இல்லாததுபோல் தோன்ற, சுவரைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது குட்டி மூச்சில்லாமல் வந்தது. துணியால் தேய்த்தார், தேய்த்தார். கடைசியில் அது கீச்சென்றது. சிட்டு தலையைத் தூக்கி அதை நக்கியது.

சைக்கிளில் ஏறப்போனவர் திரும்பிவந்து என் மாமியாரிடம் சொன்னார்: "ஆத்தா, மருமகளை முன்கூட்டியே தருமபுரி ஆஸ்பத்திரியில சேத்துடுங்க. வலி வந்தப்புறம் வண்டி தேடாதீங்க."

"மாட்டு டாக்டருக்கு எங்க வூட்டுப் பொம்பளை பேச்சு என்னத்துக்கு?" என்று மாமியார் சீறினார். டாக்டர் கோபிக்கவில்லை. "நான் பாத்ததைச் சொல்றேன் ஆத்தா" என்று அங்கேயே நின்றார். என் கணவர் சரி என்று சொன்ன பிறகுதான் போனார்.

தருமபுரியில் என் மகள் தலை சிக்கி நின்றாள். இடுக்கி ஆயுதம் போட்டு எடுத்தார்கள். நான் வீட்டிலேயே இருந்திருந்தால் அக்காள் போன வழியில் போயிருப்பேன்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இன்றும் பக்கத்தில் யாருக்காவது வலி கண்டது என்றால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வாசலோடு நிற்காமல் உள்ளே போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறேன். டாக்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.