கீரிமலையில் நான் போட்ட மூன்று முழுக்கு

ஐந்து பாகம், ஐந்து ஆள் ஆழத்துக்குக் கல்லை உடைத்துக் கிணறு வெட்டினேன். புல்லும் முளைக்காத நிலத்தில் புகையிலை எழுப்பினேன். ஓட்டு வீடு கட்டினேன், இரட்டை மாட்டு வண்டில் வாங்கினேன். எல்லாம் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்த வேலைகள். ஏழு வயது மகளின் கோபத்தை அடக்கத்தான் என்னால் முடியவில்லை.

அவள் பள்ளிக்கூடத்தில் சிலேட்டை எறிந்து, பக்கத்தில் இருந்த பெட்டைப் பிள்ளையின் நெற்றி வீங்கிவிட்டது. வாத்தியார் கடிதம் கொடுத்துவிட்டார். நான் எழுத்துக் கூட்டி முடிக்கப் பொழுது விடிந்துவிடும் என்பதால், என் வண்டிலை ஓட்டும் வண்டில்காரனைக் கொண்டு வாசிப்பித்தேன். கோபம் தணிந்தால் மட்டும் பிள்ளையை அனுப்பவும், இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் என்றிருந்தது. என் மகளாவது படிக்கவேண்டும் என்று கோயில் கோயிலாக நேர்ந்தவன் நான்.

"என்னெண்டு அவளைக் கேட்டுப் பாருங்கோவன்," என்றாள் மனைவி.

கேட்பதா? கோபம் உடற்சூடு, கீரிமலைத் தீர்த்தக் கேணியில் மூன்று முழுக்குப் போட்டால் இறங்கிவிடும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையே புறப்பட்டோம். வழியில் மாடு நின்றது, மாட்டை ஏசினேன். வண்டில்காரன் சிரித்தான், அவனையும் ஏசினேன். கேணிப் படியில் பாசி வழுக்கி, நாலு பேர் பார்க்க விழுந்தேன். படி கட்டியவனின் பரம்பரையையே ஏசினேன். மகள் மேற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"அப்பு, நீங்கள் முதல் முழுகுங்கோ. உங்களுக்குத்தான் சூடு கூட."

குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கையை ஓங்கியவன், என்னவோ, முழுகினேன். மூன்று முழுக்கும் போட்டு எழும்பினால், கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"கோவம் போயிட்டுதோ?"

"இல்லை."

"ஏன் கோவம்?"

அதுவரை ஒருவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"வெக்கம், பிள்ளை. கடிதம் வாசிக்கத் தெரியேல்லை. அவன் வாசிக்க, கேட்டுக்கொண்டு நிண்டன்."

அவள் இறங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டாள்.

"எனக்கும் வெக்கந்தான். எனக்கு எழுத வரேல்லை. பக்கத்திலை இருந்தவள் பாத்துச் சிரிச்சவள்."

அவளை முழுகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பும் வழியில் வாத்தியார் வீட்டில் இறங்கி, அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் அப்படியே சொன்னேன். அடுத்த நாள் பிள்ளையை அனுப்பச் சொன்னார். அவள் போய் அந்தப் பெட்டையிடம் மன்னிப்புக் கேட்டாள். அன்று பின்னேரமே நாங்கள் இருவரும் ஒரே சிலேட்டில் எழுதப் பழகத் தொடங்கினோம். அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நான் இன்னும் அந்தச் சிலேட்டிலேயே நிற்கிறேன். அதனால்தான் இதை நான் சொல்ல, அவள் எழுதுகிறாள்.

இப்போது அவளே வாத்தியார். சிலேட்டை எறிகிற பிள்ளையை அடிக்கமாட்டாள், என்னெண்டு கேட்பாள். அம்மாவிடம் படித்ததாம். சரி, அன்று கேட்கச் சொன்னவள் அம்மாதான். பாசியில் விழுந்தவன் யார்? நாலு பேர் முன்னால் வெட்கம் என்று வாய்விட்டுச் சொன்னவன் யார்? அதையும் எழுது, பிள்ளை. எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டு.