கரி அக்கா கேட்ட பெட்டி

உலகின் மிக மெல்லிய சரக்குகளில் ஒன்றைத் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் மற்ற எல்லாமே தடிமன். கதவு தடிமன், விதிமுறைப் புத்தகம் தடிமன். மேலே இருப்பவர்களின் தோலும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்பார் அங்கே பன்னிரண்டு வருடமாக உலையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி. எல்லோரும் அவரைக் கரி அக்கா என்று கூப்பிட்டார்கள். அவர் அதற்காக வருத்தப்பட்டதில்லை. "செய்யுறது கரி வேலை. வைரம் அக்கான்னா கூப்பிட முடியும்?"

வேதியியல் படித்தவர், வயது நாற்பத்தைந்து. உருவத்தில் சிறியவர், கைகள் அதைவிடச் சிறியவை. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கை என்று கணவர் கேலி செய்வார். கணவர் தையல் மிஷின் பழுதுபார்ப்பவர்.

வேலை இதுதான். கை நீளத்துக்கு, சூடு தாங்கும் ஒரு குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாய். அதைச் சுற்றி எழுநூறு டிகிரியில் உலை. ஒரு தட்டில் இரும்பு கலந்த பொடியை ஒரு தேக்கரண்டி பரப்பி, குழாய்க்குள் தள்ளி, வாயுவைத் திறந்துவிட வேண்டும். வாயுவில் இருக்கும் கரி ஒவ்வொரு இரும்புத் துகளையும் பிடித்துக்கொண்டு நுண்குழாயாக வளரும். ஒரு குழாயின் பருமன் தலைமுடியில் ஏறக்குறைய எட்டாயிரத்தில் ஒரு பங்கு. பேட்டரிக்குள் கலந்தால் மின்சாரம் தடையில்லாமல் ஓடும். பிளாஸ்டிக்கில் கலந்தால் பிளாஸ்டிக்கே மின்சாரம் கடத்தும். உலை ஆறியதும் தட்டை வெளியே இழுத்தால், வைத்த ஒரு கரண்டி கறுப்புப் பஞ்சாகப் பொங்கி விளிம்பைத் தாண்டி நிற்கும். லிட்டர் ஜாடி நிறைய அள்ளினாலும் ஒரு முட்டையின் எடைதான் இருக்கும்.

வில்லங்கம் அந்த அள்ளுவதில்தான். திறந்த மேஜை, ஒரு சுரண்டி, ஒரு ஜாடி, அக்காவின் முகத்தில் ஒரு காகித மாஸ்க். சுரண்டியை வைத்ததுமே சரக்கில் ஒரு பங்கு புகையாக எழும்பி, தனக்குப் பிடித்த திசையில் போகும். நிறுவனத்தின் விளம்பரப் புத்தகத்தைப் பார்த்தால் சங்கதி வேறு. அதில் பளபளவென்று ஒரு மூடிய கண்ணாடிப் பெட்டி, அதன் பக்கவாட்டில் கையை நுழைக்க இரண்டு ரப்பர் கையுறைகள், உள்ளே ஜாடி. பெட்டிக்குள் வேலை நடக்கும், தூசி வெளியே வராது. அந்தப் பெட்டி ஒரு கண்காட்சியில் வேறொரு கம்பெனியின் கடையில் இருந்தது. டைரக்டர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். படம் வந்துவிட்டது, பெட்டி வரவில்லை.

பார்வையாளர்கள் வரும் நாளில் இன்னொரு கூத்து. பத்து நிமிடம் எட்டிப் பார்க்க வருகிறவர்களுக்குத் தலையோடு சேர்ந்த வெள்ளை உடுப்பு, மூச்சுக்கு வடிகட்டி வைத்த முகமூடி, காலுக்கு உறை. சந்திரனில் இறங்குகிறவர்களைப் போல அவர்கள் வரிசையாக வந்து நிற்க, எதிரே எட்டு மணி நேரம் வேலை பார்க்கிற அக்கா காகித மாஸ்க்கோடு நிற்பார். ஒருமுறை ஒரு பார்வையாளர் கேட்டேவிட்டார், இவருக்கு ஏன் இல்லை என்று. "அவங்களுக்குப் பழகிடுச்சு" என்றார் டைரக்டர்.

நுரையீரலுக்கு அந்தப் பழக்கம் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இந்தக் குழாய்களில் நீளமான, விறைப்பான சில வகைகள் எலிகளின் நெஞ்சுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நாரைப் போல நடந்துகொண்டதாக ஆய்வுகள் உண்டு. மனிதரிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குத் தெளிவான பதில் இன்னும் இல்லை. பதில் இல்லாத கேள்விக்கு முன்னால் ஒதுங்கி நிற்பது புத்தி. ஒரு பெண்மணியை முன்னே நிறுத்திப் பார்ப்பதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

வீட்டில் தலையணை உறையை மாற்றும்போது கணவர்தான் முதலில் கவனித்தார்.

"என்ன இது, மூக்கு பட்ட எடமெல்லாம் மை கொட்டின மாதிரி?"

"வேலையில வர்றது."

"என் கையும்தான் கறுப்பா வருது. சோப்புப் போட்டா போயிடுது. மூக்குக்குள்ள எங்கேயிருந்து சோப்புப் போடுவ? எழுதிக் குடு அவங்களுக்கு."

"பெட்டி கேட்டு எழுதிக் குடுத்தாச்சு. பரிசீலனையில இருக்காம்."

"எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா."

"அதுக்குப் பேரு பரிசீலனை இல்லம்மா, தூக்கம்."

பரிசீலனைக்குத் தலையணை வைத்துக் கொடுத்தவர் பாதுகாப்பு அதிகாரி. அக்காவைவிட இளையவர், மரியாதையானவர், விதி தவறாதவர். இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் எவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்பதற்கு அவர் நல்ல உதாரணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து அக்காவின் கழுத்துப்பட்டியில் ஒரு சின்ன பம்பின் குழலை மாட்டுவார். நாள் முழுக்க அது ஒரு வடிதாள் வழியாகக் காற்றை இழுக்கும். காலையிலும் மாலையிலும் வடிதாளை நிறுத்துப் பார்ப்பார். எடை ஏறியிருந்தால் தூசி உண்டு. ஏறியதே இல்லை.

"எடையில ஒண்ணுமே தெரியலக்கா. சுத்தமான காத்து" என்றார் அந்த முறையும்.

"தம்பி, நாம விக்கிற சரக்குக்கு என்ன பெருமை?"

"எடையே இருக்காதுங்கிறதுதான்."

"அப்ப எடை இல்லாத சாமானைத் தராசுல வச்சு, இல்லவே இல்லைன்னு எழுதறீங்களே."

"நடைமுறை அப்படித்தான் இருக்குக்கா."

"வீட்டுல கொசு இருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்க? நிறுத்தா?"

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "எண்ணணும்தான். எண்ணுற மிஷின் நம்மகிட்ட இல்லியே" என்றார்.

"மாடியில இருக்கே."

"அதுவா? அது சரக்குக்குக்கா. தூசிக்குக் குடுக்க மாட்டாங்க."

ஒரே பொருள். ஜாடிக்குள் இருந்தால் சரக்கு, அதற்கு மைக்ரோஸ்கோப் உண்டு. அக்காவின் மூக்குக்குள் போனால் தூசி, அதற்குத் தராசுதான். பம்பைக் கழற்றித் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு அக்கா மாடிப்படி ஏறினார்.

மைக்ரோஸ்கோப்காரர் ஓய்வு பெற இன்னும் பத்து மாதம் இருந்தது. அதனால் அவருக்குப் பயம் குறைந்து, முதுகுவலி கூடியிருந்தது. இருட்டறையில் அவர் வைத்திருந்தது எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப். சட்டைப் பித்தான் அளவு உலோக வில்லையில் ஒட்டும் நாடா இருக்கும். அதில் சரக்கைத் தொட்டுக் கொடுத்தால், படம் எடுத்து எல்லோரும் பார்க்கும் கம்ப்யூட்டரில் போட்டுவிடுவார். படத்தில் எண் மட்டும்தான் இருக்கும். எங்கே எடுத்தது, யாருடைய சரக்கு என்பதெல்லாம் அவருடைய நோட்டில். வாடிக்கையாளர் ரகசியம் காக்க டைரக்டரே போட்ட விதி அது.

"மூணு வில்லை குடுங்க" என்றார் அக்கா.

"எந்த ஜாடி?"

"ஜாடி இல்ல. சாப்பிடுற மேஜை, தம்பியோட ரிஜிஸ்டர் அட்டை, அப்புறம் டைரக்டர் ரூம்ல ஏசி காத்து வர்ற ஜன்னல்."

மைக்ரோஸ்கோப்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்கே எப்படி வரும்?"

"எனக்கும் அவருக்கும் ஒரே ஏசிதான். கட்டும்போதே சிக்கனம் பண்ணினாங்க. என் ரூமுக் காத்துதான் சுத்திக்கிட்டு அங்க போகுது."

"பூட்டின ரூம்ல நீ எப்படி..."

"பெருக்கற அம்மா என் சிநேகிதி. வில்லையை நான் குடுப்பேன், அவங்க ஒரு ஒத்து ஒத்துவாங்க."

அவர் நோட்டில் மூன்று எண் எழுதினார். மறுநாள் மூன்று படங்களும் கம்ப்யூட்டரில் ஏறின. மூன்றிலும் குழாய்கள் இருந்தன. முதல் இரண்டில் முடிச்சு முடிச்சாக. மூன்றாவதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக, எண்ணெய் தடவி வாரிவிட்டதைப் போல.

இங்கேதான் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு நடந்தது. நுண்குழாய்களின் பெரிய குறை சிக்கு விழுவது. சீப்பில் சுருண்டு வரும் முடியைப் போல ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். பிரிக்க முடியாமல் டைரக்டர் இரண்டு வருடமாகத் தவித்துக்கொண்டிருந்தார். பேட்டரி கம்பெனிக்காரர்கள் இதற்காகவே ஒருமுறை சரக்கைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அப்படிப்பட்டவர் கண்ணில் மூன்றாம் எண் படம் பட்டது. நோட்டைக் கேட்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி, கீழே கம்பெனி முத்திரை போட்டு, அன்று மத்தியானம் வரவிருந்த பேட்டரிக்காரர்களுக்காகத் திரையில் ஏற்றிவிட்டார்.

அதன் பிறகுதான் உலை வேலை செய்கிறவர் அவருக்கு நினைவுக்கு வந்தார். வேலை ஆகவேண்டிய நேரத்தில் டைரக்டர் அக்காவை மேடம் என்பார். மற்ற நேரத்தில் அந்தம்மா.

"வாங்க மேடம், உட்காருங்க." கூட்ட அறையில் அக்காவுக்கு முதல்முறையாக நாற்காலி கிடைத்தது. எதிரே பேட்டரி கம்பெனியிலிருந்து நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. "இவங்கதான் நம்ம உலையைப் பார்த்துக்கறவங்க. இந்த பேட்ச்சை எப்படி இவ்வளவு அழகாப் பிரிச்சீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க."

அக்கா திரையைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார்.

"நான் பிரிக்கல சார்."

"அடக்கத்தைப் பாருங்க" என்று டைரக்டர் சிரித்தார். "சும்மா சொல்லுங்க மேடம். என்ன கரைசல்? எவ்வளவு நேரம் கலக்கினீங்க?"

"கரைசல் எதுவும் இல்ல சார். காத்துதான். கட்டியா இருக்கிறதெல்லாம் என் மேஜையிலயே விழுந்துடும். ஒத்தையா இருக்கிறதுதான் ரொம்ப தூரம் பறக்கும். இது உங்க ரூம் ஏசி ஜன்னல்ல எடுத்தது."

நரைத்த பெண்மணி பேனாவைக் கீழே வைத்தார். "எங்கே எடுத்ததுன்னு சொன்னீங்க?"

"சார் தலைக்கு மேல. நான் மூச்சுல இழுக்கிறதைவிட சார் இழுக்கிறதுதான் நல்லாப் பிரிஞ்ச சரக்கு."

பெண்மணி அதற்குச் சிரிக்கவில்லை. எந்த மேஜையில் அள்ளுகிறீர்கள், எதைப் போட்டுக்கொண்டு அள்ளுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். புத்தகத்தில் இருக்கும் பெட்டியைக் காட்டுங்கள் என்றார். டைரக்டர் தண்ணீர் குடித்தார்.

இத்தனைக்குப் பிறகு என்ன நடந்திருக்க வேண்டும்? நடந்தது இதுதான். மறுநாள் காலை எட்டரை மணிக்கு ஏணியோடு இரண்டு பேர் வந்தார்கள். அக்காவின் அறையிலிருந்து டைரக்டர் அறைக்குக் காற்று போகும் வழியைத் தகடு வைத்து அடைத்தார்கள். அவருக்கெனத் தனி ஏசி, மூன்றடுக்கு வடிகட்டியோடு, மத்தியானத்துக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. மூன்று வருடப் பரிசீலனை அவருக்கு அரை நாளில் கண் விழித்தது. அடைத்த வழியால் அக்காவின் அறையிலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்த கொஞ்சநஞ்சத் தூசியும் இனி அங்கேயே தங்கும். படம் எடுத்துக் காட்டியதற்குக் கிடைத்த பலன், அவருடைய பங்கையும் சேர்த்து அக்காவே சுவாசிக்கலாம் என்பது.

அக்கா அந்தத் தகட்டைக் கொஞ்ச நேரம் நிமிர்ந்து பார்த்தார். உலை ஆறியிருந்தது. குழாய்க்குள் தட்டு நிறையக் கறுப்புப் பஞ்சு. பேட்டரிக்காரர்களுக்குப் போகவேண்டிய சரக்கு. குழாயின் மூடியில் கை வைத்தார், திருகித் திறப்பதற்குப் பதில் இன்னும் இறுக்கினார். கையுறையைக் கழற்றி மேஜையில் போட்டார்.

டைரக்டரே இறங்கி வந்தார். வாசலோடு நின்றுகொண்டார்.

"என்னம்மா, திறக்கலியாமே?"

"மூடி இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிறது யாருக்கும் கெடுதல் பண்ணாது சார். பெட்டி வரட்டும், திறக்கறேன்."

"அது வெளியிலேர்ந்து வரணும். லேசுல கிடைக்கிறதா?"

"ஏசி கிடைச்சுதே."

"வேற ஆள வச்சுத் திறக்க எனக்குத் தெரியாதா?"

"தெரியும். கூப்பிடுங்க. நீங்களும் உள்ள வந்து பக்கத்துல நின்னு சொல்லிக்குடுங்க."

அவர் உள்ளே வரவில்லை. அவர் காட்டிய அடுத்த ஆள் வாயு சிலிண்டர் மாற்றுபவர். அவர் அக்காவைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், எனக்கு இன்னிக்கு இடுப்புப் பிடிப்பு என்றார். பாதுகாப்பு அதிகாரித் தம்பி, எந்த விதியிலும் இல்லாத ஒரு காரியம் செய்தார்: மூன்று படங்களையும் அச்செடுத்து, எடை பூஜ்யம் என்று தானே எழுதிய தாள்களின் மேல் ஊசி குத்திப் பேட்டரி கம்பெனிக்கு அனுப்பினார். மூடிய பெட்டியில் அள்ளாத சரக்கை வாங்க மாட்டோம் என்று அங்கிருந்து ஒரே வரியில் கடிதம் வந்தது.

பதினோராம் நாள் பெட்டி இறங்கியது. லேசில் கிடைக்காத பெட்டி.

திறப்பு விழா வைத்தார்கள். தொழிலாளர் நலனில் நிர்வாகத்துக்கு எப்போதும் இருந்துவரும் அக்கறையைப் பற்றி டைரக்டர் ஆறு நிமிடம் பேசினார். பிறகு கண்ணாடியின் பக்கவாட்டிலிருந்த ரப்பர் கையுறைகளுக்குள் தன் கைகளை நுழைத்து, காலி ஜாடியைத் தூக்கிக் காட்டினார். இந்தமுறை படம் சொந்தப் பெட்டியோடு. கையுறைகள் அவருக்குத் தைத்தாற்போல் பொருந்தின. பொருந்தாமல் என்ன? அளவு கொடுத்ததே அவர்தான்.

எல்லோரும் தேநீருக்குப் போனதும் அக்கா கையை விட்டார். மணிக்கட்டு தொளதொளத்தது. ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு அங்குலம் காலி ரப்பர், வாழைப்பழத் தோல் மாதிரி மடங்கித் தொங்கியது. சுரண்டியைப் பிடித்தால் நழுவியது. பன்னிரண்டு வருடம் அந்தப் பொடியை அள்ளிய கையை அளக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"வந்துடுச்சில்ல, அப்புறம் என்னக்கா?" என்றார் தம்பி.

"ஒரு நாடா குடுங்க, தம்பி."

தம்பி இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தார். அக்கா கையுறையிலிருந்து கையை உருவி, விரல்களை விரித்து மேஜைமேல் வைத்தார்.

"ஒவ்வொரு விரலா எடுங்க. எழுதிக்குங்க. இன்னிக்கே அனுப்புங்க. புதுக் கையுறை வர்ற வரைக்கும் குழாய் மூடியே இருக்கட்டும்."

தம்பி குனிந்து கட்டை விரலிலிருந்து ஆரம்பித்தார்.