மீரான் காக்காவின் காரும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் கர்த்தரின் சமுகத்துக்குப் போய் ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் தங்கை என்ற முறையில் என் வணக்கம்.

அண்ணன் பிறந்தது சாயர்புரத்தில். பள்ளி ஆசிரியரான அப்பா நான் சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். கல்லூரிக்குப் போகவேண்டிய வயதில் அண்ணன் தூத்துக்குடிக்கு வந்து, தோணிகளுக்கு இன்ஜின் பொருத்தும் பட்டறையில் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவர்தான். மற்றவர்கள் கோபம் வந்தால் கத்துவார்கள். அண்ணனுக்குக் குரல் தாழ்ந்துவிடும். அப்படி அவர் பேசிய ஒரு மத்தியானத்தை இங்கே எழுத விரும்புகிறேன்.

எழுபதுகள். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம். காயல்பட்டினத்து மீரான் அண்ணனின் உயிர் நண்பர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்; நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார மேனேஜரிடம் அவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தார். மேற்கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரும் சிவப்பு வண்டி. பல வருடம் குடோனில் கிடந்ததில் முன் ஸ்பிரிங்குகள் தளர்ந்து, முகப்பு தரையை முகர்வதுபோல் தாழ்ந்திருந்தது. உப்பளச் சாலையின் ஒவ்வொரு மேட்டிலும் அடிவயிறு உரசும். மறுநாள் காக்காவின் தங்கைக்கு நிக்காஹ். மாப்பிள்ளையை அந்தக் காரில்தான் ஊர்வலமாக அழைத்துவர வேண்டும் என்று காக்கா ஒற்றைக்காலில் நின்றார்.

முன்பக்கத்தை உயர்த்த, எங்கள் வீட்டு முற்றத்தில் வேலை தொடங்கியது. ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் உள்ளே ஒரு தடித்த சுருள் ஸ்பிரிங், வண்டியின் பாரத்தில் அமுங்கி நிற்கும். அதைத் தளர்த்தி இறக்கி, அதன் தலைமேல் அலுமினியக் கட்டை ஒன்றை வைத்து, அடியில் ஜாக் கொடுத்து மறுபடி அமுக்கி ஏற்ற வேண்டும். கை தவறினால் ஸ்பிரிங் குண்டுபோல் தெறிக்கும். அதனால் வலப்பக்கம் செய்தபோது அதைத் தோணிச் சங்கிலியால் வண்டியின் இரும்புச் சட்டத்தோடு கட்டிவிட்டுத்தான் அண்ணன் ஜாக்கைத் தொட்டார். இடப்பக்கத்துக்கு வந்ததும் காக்கா அவசரப்படுத்தினார்.

"ஏலே, சங்கிலி வேண்டாம்ல. அசர் தொழுகைக்குள்ள நான் ஊர் போய்ச் சேரணும்."

அண்ணன் விட்டுக்கொடுத்து, சங்கிலியை ஓரமாக வைத்தார்.

அண்ணனின் மனைவி கிரேஸ் மதினி ஜாக்கைத் திருகினார்கள். ஸ்பிரிங் பாதி அமுங்கியபோது மேலேயிருந்த கட்டை நகர்ந்தது. அதைச் சரிசெய்ய காக்கா கையை உள்ளே விட்டார். அதே நேரம் ஜாக்குக்கு அடியிலிருந்த பலகை மணலில் சறுக்க, ஜாக் சாய்ந்தது. கட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே காக்காவின் விரல்கள் மாட்டிக்கொண்டன.

அவர் போட்ட சத்தம் தெருவரை கேட்டிருக்கும்.

"எறக்குங்க! மைனி, ஜாக்க எறக்குங்க!"

மதினியின் கை ஜாக் கம்பிக்குப் போனது.

"கிரேஸ், கைய எடு." அண்ணனின் குரல் மெல்ல, மிக மெல்ல வந்தது. "ஜாக் சாஞ்சி நிக்கி. இப்ப எறக்குனா ஸ்பிரிங் அவன் மூஞ்சிலதான் அடிக்கும்."

அமுங்கிய ஸ்பிரிங் உந்த, எடை குறைந்த அந்த வண்டி தன்னைத் தாங்கி நின்ற முட்டுக்கட்டையைவிட்டு எழும்பத் தொடங்கியது. "ஏளா, மட்கார்டுல ஏறி உக்காரு" என்றார் என்னிடம். ஏறி உட்கார்ந்தேன். எனக்கு நேர் கீழே காக்காவின் முகம். கண்ணீரும் வேர்வையும் வழிய, "எறக்குல, ஒன் கால்ல விழுறேன்" என்று கெஞ்சினார். அண்ணன் ஸ்பிரிங்கின் சுருளுக்குள் சங்கிலியை நுழைத்து, சட்டத்தைச் சுற்றி இழுத்து, கொக்கியை மாட்டினார். ஒருமுறை கொக்கி நழுவியது. மறுபடி மாட்டினார். மதினி உதடு அசையாமல் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப எறக்கு."

மதினி திருகியதும் ஜாக் எகிறிப் புரண்டது. ஸ்பிரிங் வெளியே பாய்ந்து, சங்கிலியில் மாட்டி, காக்காவின் கன்னத்துக்கு அருகே நின்று ஆடியது. சுண்டிய சங்கிலி அண்ணனின் முழங்கையைக் கிழித்துவிட்டது. காக்காவின் கை வெளியே வந்தது.

ஒரு விரலின் நுனியை மட்டும் டாக்டரால் காப்பாற்ற முடியவில்லை. கட்டுப் போட்டு முடிந்ததும் காக்கா அண்ணனைப் பார்த்து, "எத்தன தடவ கெஞ்சுனேன். நீ நிதானமா சங்கிலி கட்டுத. நீயெல்லாம் கூட்டாளியால?" என்றார். அண்ணன் வீட்டுக்கு வந்து மதினியிடம் மட்டும், "மொதல்லயே கெட்டிருக்கணும். அவன் சொன்னாம்னு விட்டது என் தப்பு" என்றார்.

மாப்பிள்ளை வேறு காரில் வந்தார். அண்ணன் நிக்காஹுக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். காக்கா அவர் இருந்த பக்கமே திரும்பவில்லை.

சில வாரம் கழித்து, காரை எடுத்துப்போக காக்கா வந்தார். அதற்குள் இடப்பக்க வேலையையும் அண்ணன் முடித்து வைத்திருந்தார்.

"ஓட்டுறவன் உள்ள உக்காந்தாத்தான் சரியான உயரம் தெரியும். ஏறு" என்றார்.

காக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை இருபுறமும் டேப் பிடித்து அளந்தார் அண்ணன்.

"சரியா இருக்கா?" என்று காக்கா கேட்டார்.

"எடப்பக்கம் கொஞ்சம் எறங்கி இருக்கு. திரும்பக் கழத்தணும்."

காக்கா இறங்கினார். முற்றத்து மூலைக்குப் போய், நல்ல கையால் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து அண்ணனின் காலடியில் போட்டார்.

"இதக் கெட்டிட்டு ஆரம்பி" என்றார்.

அண்ணனின் கண் கலங்கியதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். அன்று மாலை இருவரும் அந்தக் காரில் ஏரல்வரை போய் வந்தார்கள்; ஒரு மேட்டிலும் உரசவில்லையாம்.

பின்னாட்களில் காக்கா துபாய் போய், வயதான பிறகு ஊர் திரும்பினார். அண்ணன் சொந்தமாகப் பட்டறை வைத்தார், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார், சபையின் காரியங்களில் முன்நின்றார். கடைசியில் மூச்சுத்திணறல் அவரைப் படுக்கையில் தள்ளியது. மருத்துவமனையில் இருந்த நாட்களில் இரவும் பகலும் கவனித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், வந்து ஜெபித்த குருவானவருக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுள்ளது.

மீரான் காக்காவுக்கு நன்றி சொன்னால் அவர் கோபித்துக்கொள்வார். அதனால் ஒரு வேண்டுகோள் மட்டும். அண்ணன் போன பிறகு நீங்கள் எங்கள் தெருவழியாகப் போகிறீர்கள், வாசலில் நின்று பார்க்கிறீர்கள், உள்ளே வராமல் போய்விடுகிறீர்கள். மதினி ஜன்னல்வழியே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உள்ளே வாருங்கள், காக்கா.