அரவிந்துக்கு வேலை கிடைத்த கதை

காதல் தொடர்கதை எழுதிப் பிழைப்பவர்களுக்குக் காதலித்த அனுபவம் தேவையில்லை. காதலித்தவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்கப் பொறுமை இருந்தால் போதும். ஆனையூரில் உட்கார்ந்து ஒரு வார இதழுக்கு வாராவாரம் அத்தியாயம் அனுப்புகிறவள் நான். உங்களில் யாராவது இதே வினையைச் செய்திருந்தால், ஆறுதலுக்காகப் படியுங்கள்.

மழை

சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் நூர்ஜஹான் என் வாசகி. வாளி வாங்கப் போன என்னை நிறுத்தி வைத்து, என் தொடரில் நாயகன் அரவிந்தும் நாயகியும் ஒரே குடையில் நனைந்த இடங்களை விரல்விட்டு எண்ணினார். ஆறு.

"அம்புட்டு மழை நம்ம மதுரையில எந்தத் தெருவுலக்கா பெய்யுது?"

கெட்டிக்காரன்

நாயகியின் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தலைவலி என்று அரவிந்த் கண்டுபிடிக்கும் அத்தியாயம் வெளியான அன்று, எனக்கே மண்டையிடி. நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். என் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த அத்தியாயத்தை முழுசாகப் படித்து முடித்தார்.

"கெட்டிக்காரப் பய, எப்படிக் கண்டுபிடிக்கிறான் பாரு. ஆமா, இன்னைக்கு என்ன குழம்பு?"

வேலை

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோச்சடையிலிருந்து கார்த்தி என்றொரு இளைஞர் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். போர்வெல் லாரியில் வேலை. நிச்சயமான பெண் சுகன்யா என் வாசகியாம். அரவிந்த் தினமும் காலையில் கவிதை அனுப்புகிறான், நீங்கள் 'சாப்ட்டியா' என்று மட்டும் கேட்கிறீர்கள், கல்யாணத்தை யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாளாம். நாலு நாளாகப் பேச்சில்லை.

"அந்த அரவிந்த் எங்கக்கா வேலை பாக்குறாரு?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். இருபது அத்தியாயம் ஓடியும் அவனுக்கு நான் வேலையே கொடுக்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே அவனைப் போர்வெல் லாரியில் ஏற்றிவிட்டேன். உடம்பெல்லாம் சேறு, காதெல்லாம் இரைச்சல். கவிதை நின்றது. சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணி, "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டான். மற்ற வாசகிகள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். சுகன்யா மட்டும் இதழ் வந்த அன்று மதியம் கார்த்தியைக் கூப்பிட்டு, "நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டாளாம்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மேடையில் சுகன்யா என் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகச் சொன்னாள்:

"வேலைக்குப் போனதுல இருந்து அரவிந்தும் இவரு மாதிரியே ஆயிட்டாருக்கா, அதான் உங்க கதையைப் படிக்கிறதை நிறுத்திட்டேன்."

ஆக, நம்பும்படியாக ஒரு காதலை எழுதிவிட்டால் ஊரில் ஒரு கல்யாணம் கூடும், இதழுக்கு ஒரு வாசகி குறைவாள்.