ஒட்டாத இருமல்

2008-இல் மழைக்காலம் முடிந்த பிறகும் என் இருமல் நிற்கவில்லை. அப்போது கடலூர் முதுநகரில் வாடகைக்கு இருந்தோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. சளியில் கிருமி அகப்படவில்லை. ஆனாலும் டி.பி.யாகத்தான் இருக்கும் என்று டாக்டர் ஆறு மாதத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மகளுக்கு நான்கு வயது. யாரும் சொல்லாமலே தட்டு, தம்ளர், பாய் எல்லாவற்றையும் எனக்கென்று தனியாக ஒதுக்கிக்கொண்டேன். அவளோடு பேசுவதென்றால் வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே பேசுவேன். தலை பின்னிவிடக் கணவர் கற்றுக்கொண்டார். ஒரு பின்னல் மேலே, ஒரு பின்னல் கீழே என்று அவள் பால்வாடிக்குப் போவதைப் பார்க்கும்போது கை பரபரக்கும். தொட மாட்டேன்.

மாத்திரை தீர்ந்தது, இருமல் தீரவில்லை. மூச்சிரைப்பும் சேர்ந்துகொண்டது. கணவர் லீவு போட்டுச் சிதம்பரத்தில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டரம்மா எக்ஸ்ரேக்களைப் பார்த்துவிட்டு, சளி எப்படி வருகிறது என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. சில நாள் புளி நிறத்தில், ரப்பர் மாதிரி கட்டியாக வருகிறது என்று கூச்சத்தோடு சொன்னேன். சின்ன வயதில் ஆஸ்துமா இருந்ததையும் சொன்னேன். முன்கையில் வரிசையாகச் சொட்டு மருந்து வைத்து ஊசியால் லேசாகக் கீறினார். கால் மணி நேரத்தில் ஓர் இடம் மட்டும் தடித்துச் சிவந்தது. ரத்தமும் ஸ்கேனும் எடுத்துவிட்டு மறுவாரம் வரச் சொன்னார். போனபோது முடிவுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"டி.பி. இல்லம்மா. காத்துல இருக்கற பூஞ்சைதான். எல்லாருமே அத இழுக்கறோம். ஒங்க ஒடம்புக்கு அது ஒத்துக்கல."

"கொழந்தைக்கு ஒட்டுமா டாக்டர்?"

"ஒட்டாது. பக்கத்துலயே படுக்க வெச்சுக்கலாம்."

வெளியே வந்ததும் என் கைக்குட்டையைக் கணவரே அவிழ்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மகள் ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். வரவில்லை. விலகியே இருந்து பழகிவிட்டாள். போதாததற்கு, டாக்டரம்மா எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் சில வாரங்களில் என் முகம் வேறு ஊதிப்போனது. நான் வற்புறுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து, என் கன்னத்தை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்லடா."

இன்னொரு கன்னத்தையும் அமுக்கினாள். பிறகு மடியில் தலைவைத்துப் படுத்து, அப்படியே தூங்கிவிட்டாள். கால் மரத்துப்போனது. கணவர் வந்து பார்த்துவிட்டு, மீதி வெண்டைக்காயைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்.